பறக்கும் பூசணியும் நிலத்துக்காரர் கவலையும்

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில், வரும் தை மாதம் நமது சங்கத்தின் குடும்ப விழாவை எங்கே நடத்துவது என்ற பேச்சு வந்தது. பலரும் நமது தோட்டத்தைச் சொன்னார்கள். "உங்க தோட்டம் இருக்கும்போது மண்டபத்துக்கு எதுக்குங்க வாடகை?" என்று கேட்டார் ஓர் உறுப்பினர். நாமும் மகிழ்ச்சியுடன் சம்மதித்தோம். ஆனால் மூன்று நிபந்தனைகள் சொன்னோம். உடனே சிலருடைய முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை வருசமா இல்லாத சட்டம் இப்ப எதுக்கு?" என்று ஒரு மூத்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது நமது காதிலும் விழுந்தது.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை. பதில் சற்றுத் தொலைவில், அமெரிக்காவில் நடந்த ஒரு பூசணிக்காய்ப் போட்டியில் தொடங்குகிறது. வணிகப் பெருமக்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

பூசணிக்கும் ஒரு போட்டி

2016ஆம் ஆண்டு அக்டோபரில், மகளின் பிரசவத்தை முன்னிட்டு நாமும் துணைவியாரும் அமெரிக்கா போயிருந்தோம். மகள் குடும்பம் மேரிலாந்து மாநிலத்தில் இருந்தது. பேரன் பிறந்து வீடு சற்று அமைதியான பிறகு, ஒரு சனிக்கிழமை காலை மாப்பிள்ளை, "மாமா, நீங்க காலமெல்லாம் பூசணி வித்தவர். இங்க பூசணியைப் பீரங்கியில வெச்சுச் சுடறாங்க. வாங்க, காட்டறேன்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். அவர் காரை எடுத்துவிட்டார்.

செசபீக் வளைகுடாவின் மேல் கட்டியிருக்கும் நீண்ட பாலத்தைக் கடந்து கிழக்கே போனால் டெலவேர் என்ற சிறு மாநிலம் வருகிறது. அதன் தென்பகுதி சசெக்ஸ் மாவட்டம். வழி நெடுக அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடுகளும் சோயா வயல்களும். இடையிடையே நீளநீளமான கோழிப் பண்ணைக் கொட்டகைகள். கறிக்கோழி வளர்ப்பில் அமெரிக்காவிலேயே முன்னணியில் நிற்கும் மாவட்டம் இது என்று மாப்பிள்ளை சொன்னார். பல்லடத்துச் சாலையில் போவது போலவே நமக்கு இருந்தது. விளைகிற சோளமும் சோயாவும் கோழித் தீவனத்துக்கே போகிறது. அங்கே பிரிட்ஜ்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வயலில்தான் போட்டி.

போகும் வழியிலேயே வியாபாரக் கணக்கு நமது மனத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. நமது பக்கம் அரசாணிக்காய், தஞ்சைப் பக்கம் பரங்கிக்காய், லாரி ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்பினால் மத்தங்கா. எந்தப் பெயரில் அழைத்தாலும் அது அடிப்படையில் அமெரிக்கக் கண்டத்துக் காய்தான். அங்கிருந்து கடல் கடந்து நமக்கு வந்தது. 'பரங்கி' என்ற பெயரே வெளியிலிருந்து வந்த கதையைச் சொல்கிறது. தாயகத்தில் அதை உண்பதை விட அழகுக்கு வாங்குகிறவர்கள் அதிகம். அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன் என்று ஒரு நாள். வீட்டுக்கு வீடு பூசணியைக் குடைந்து, கண் மூக்கு வெட்டி, உள்ளே விளக்கு வைக்கிறார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த வழக்கம், அங்கிருந்து குடியேறியவர்களுடன் அமெரிக்கா வந்து பூசணிக்கு மாறியதாம்.

நவம்பர் 1ஆம் தேதி காலையில் அந்தக் காய்க்கு என்ன விலை இருக்கும் என்பதை நமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் கழிந்த மறுநாள் கரும்புக் கட்டைப் பார்த்தவர்கள் நாம். ஆயுத பூசை முடிந்த மறுநாள் சாம்பல் பூசணியைக் கேட்பார் யார்? வாசலில் கிடக்கும் காய்கள் ஆடு மாடுகளுக்கும் குப்பைக்கும் போகும். போட்டியை ஹாலோவீனுக்கு அடுத்து வரும் வார இறுதியில் வைத்திருப்பதில் உள்ள கெட்டிக்காரத்தனம் நமக்கு உடனே புரிந்தது.

மைல் கணக்கில் பறந்த காய்

இந்தப் போட்டி 1986இல் சசெக்ஸ் மாவட்டத்தில், சில நண்பர்களுக்குள் விளையாட்டாகத் தொடங்கியது. யார் செய்த கருவி பூசணியை அதிக தூரம் எறியும் என்ற பந்தயம். முதலாண்டு வென்ற எறி 200 அடியைக்கூட எட்டவில்லை. வீட்டிலிருந்த இரும்பையும் கயிறையும் சுருள்கம்பியையும் வைத்துச் செய்த கருவிகள் அவை. ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் கூடியது, தூரமும் கூடியது. 2013இல் பிரிட்ஜ்வில்லில் காற்றுப் பீரங்கி ஒன்று பூசணியை 4,694 அடிக்கு அனுப்பியது. அதாவது சுமார் 1,430 மீட்டர். அதற்கு முன் 2010இல், போட்டிக்கு வெளியே, யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற இடத்தில் ஒரு குழு 5,545 அடி எறிந்து ஒரு மைலையே தாண்டியிருந்தது.

விதிகள் கறாரானவை. காய் 8 முதல் 10 பவுண்டு, அதாவது நமது கணக்கில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் நான்கரைக் கிலோ வரை இருக்க வேண்டும். வெடிமருந்து கூடாது. காய் கருவியை விட்டு முழுதாக வெளியேற வேண்டும். வானத்தில் உடைந்து சிதறினால் அந்த எறி கணக்கில் சேராது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'பை'. பூசணியில் செய்யும் ஒரு பலகாரத்தின் பெயர் அது.

அதனால் காய் தேர்வுதான் பாதி வெற்றி. தோல் தடித்த, கெட்டியான ரகங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். 'காஸ்பர்', 'லுமினா' என்ற வெள்ளைத் தோல் ரகங்கள் இதில் பேர் போனவை. ஒரு குழுவினர் பத்துப் பதினைந்து காய்களைப் பரப்பி வைத்து, தட்டிப் பார்த்து, காம்பைப் பார்த்து, எடை போட்டுக் கொண்டிருந்தார்கள். நாமும் பக்கத்தில் போய் ஒன்றைத் தட்டிப் பார்த்தோம். மண்டியில் நாற்பது ஆண்டு தட்டிய கை. "இதுதான் முற்றிய காய்" என்று மாப்பிள்ளை மூலம் சொன்னோம். அவர்கள் சிரித்துக் கொண்டே அதைத் தனியே எடுத்து வைத்தார்கள். சுட்டார்களா என்பது தெரியாது.

கருவிகளில் பல வகை. எடை கீழே விழும் விசையில் நீண்ட கை சுழன்று வீசும் பழங்காலப் போர்க் கவண். தொட்டில் போலச் சுற்றிச் சுற்றி வேகம் ஏற்றி விடும் எந்திரம். மனித சக்தியால் மட்டும் இயங்குபவை. சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவு. எல்லாவற்றுக்கும் ராஜா காற்றுப் பீரங்கி. பெரிய தொட்டியில் கம்ப்ரஸர் வைத்துக் காற்றை அடைக்கிறார்கள். தொட்டியின் மேல் கோயில் கொடிமரத்தை விட நீளமான குழாய். வால்வைத் திறந்ததும் அடைபட்ட காற்று முழுவதும் காயைத் தள்ளிக் கொண்டு வெளியேறுகிறது. ஓர் அதிர்வு நெஞ்சில் அடிக்கும். காய் கண்ணுக்குத் தெரியாது. வெகு நேரம் கழித்து வயலின் மறுகோடியில் மண் தூசி எழும்பும். நான்கு சக்கர வயல் வண்டிகளில் காத்திருக்கும் தொண்டர்கள் அந்தத் திசையில் பறப்பார்கள். காய் விழுந்த குழியைத் தேடிப் பிடித்து அளப்பார்கள்.

பல்லாயிரம் பேர் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். நாம் மட்டும் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தோம். அதற்குக் காரணம் இருந்தது.

எட்டு ஏக்கர்த் தோட்டத்தின் கதை

நமக்கு ஊருக்கு வெளியே எட்டு ஏக்கர்த் தோட்டம் உண்டு. அதில் இரண்டு ஏக்கர் தரிசாகக் கிடந்த இடத்தில், நமது தகப்பனார் காலம் முதல், காணும் பொங்கலன்று ஊர் இளைஞர்கள் விளையாட்டு விழா நடத்தி வந்தார்கள். உறியடி, கோணிப்பை ஓட்டம், வழுக்கு மரம். வாடகை கிடையாது. குடிக்கத் தண்ணீரும், மதியம் ஒரு வேளைச் சாப்பாடும் நமது உபயம். பரிசுகளுக்குக் கடைவீதியில் வசூல் செய்வார்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலரும் பாத்திரமும் வேட்டியும் கொடுத்தவர்களே.

2015ஆம் ஆண்டு வழக்கு மரம் அல்ல, வழுக்கு மரம்தான் நம்மை வழக்கின் விளிம்புக்குக் கொண்டு போயிற்று. அன்று ஏறியவர்கள் ஒருவருக்கும் சிறு கீறல் இல்லை. எண்ணெயும் கம்பும் பார்த்துப் பயந்து, சுற்றிலும் வைக்கோல் பரப்பி, பெரியவர்கள் நான்கு பேரை நிறுத்தியிருந்தோம். விழா நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, மரத்தைப் பிடுங்குவதற்கு ஐந்தாறு பையன்கள் வந்தார்கள். பெரியவர் ஒருவரும் உடனில்லை. குழியைத் தோண்டும்போது மரம் சாய்ந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவனின் இடது கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். விழாக் குழு என்று நோட்டீசில் பெயர் போட்டிருந்தவர்களில் ஒருவர் திருப்பூர் போய்விட்டார். ஒருவருக்குக் கைப்பேசி அணைந்திருந்தது. வசூல் பணத்தில் மீதி இருந்தது 1,140 ரூபாய். கடைசியில் எல்லோரும் வந்து நின்ற இடம் நமது மண்டி வாசல். ஏனென்றால் நிலம் நம்முடையது. விழா நடத்தியவர் ஊரை விட்டுப் போகலாம். நிலம் எங்கே போகும்?

செலவு முழுவதையும் நாமே ஏற்றோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உறவினர் சிலர் அந்தப் பையனின் தகப்பனாரிடம், "கேசு போடுங்க, பெரிய தொகை வரும்" என்று தூண்டினார்கள். அந்தக் கூலித் தொழிலாளி மறுத்துவிட்டார். "அவர் சோறு போட்டாருங்க, அவர் மேல நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்?" என்றாராம். அந்தச் சொல்லைக் கேட்ட இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய நல்ல குணத்தில் நாம் தப்பித்தோம். பையனுக்கு மூன்று மாத வருமானம் போனதற்கும், படிப்பு நின்றதற்கும் யார் பதில்? 2016 பொங்கலுக்கு இளைஞர்கள் வந்து இடம் கேட்டபோது, முடியாது என்று சொல்லிவிட்டோம். தகப்பனார் காலத்து வழக்கம் நம்மோடு நின்றது.

அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் அதே ஆண்டு நவம்பரில் டெலவேர் வயலில் நின்று கொண்டிருந்தோம்.

நிலத்துக்காரர் கண்ணில்

ஒரு மனக் கணக்குப் போட்டோம். காய் 1,430 மீட்டர் போகிறது. பக்கவாட்டில் விலகி விழ 400 மீட்டர் அகலம் விட்டாலும் 140 ஏக்கருக்கு மேல் வெற்று நிலம் வேண்டும். அதற்கு மேல் கார் நிறுத்தவும், கூடாரம் போடவும், கழிப்பிடத்துக்கும் இடம். கார்கள் மிதித்த மண் இறுகிப் போகும். அடுத்த உழவுக்கு முன் அதை ஆழமாகக் கிளறிவிட வேண்டும். சிதறிய காயின் விதைகள் அடுத்த பருவத்தில் சோளத்துக்கு நடுவே கொடியாக முளைக்கும். இவ்வளவும் பொறுத்துக் கொண்டு ஒரு விவசாயி நிலம் கொடுக்கிறார் என்றால் அது பெரிய மனசு. போட்டியில் சேரும் பணம் மாணவர்களின் படிப்பு உதவிக்கும் அறக்காரியங்களுக்கும் போகிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கூட்டத்தில் ஒரு கோழிப் பண்ணைக்காரரோடு மாப்பிள்ளை பேச்சுக் கொடுத்தார். நாமும் தோட்டக்காரர் என்று தெரிந்ததும் அவர் மனம் விட்டுப் பேசினார். நாம் பார்ப்பது இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடக்கும் போட்டி என்பது அப்போதுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். 2011 போட்டியின்போது தொண்டர் ஒருவர், காய் விழும் இடம் தேடிப் போகிற அந்த வயல் வண்டி விபத்தில் பலத்த காயம் அடைந்தார். பிறகு வழக்குத் தொடுத்தார். போட்டி நடத்தும் சங்கத்தின் மீது மட்டும் அல்ல, நிலத்துக்காரர் மீதும். அதன் பின் நிலத்துக்காரர் இனி இடம் தர இயலாது என்று சொல்லிவிட்டார். 2014இல் டோவர் நகரத்துக் கார் பந்தய மைதானத்தில் நடத்த முயன்றார்கள். நடக்கவில்லை. 2015இல் காப்பீடு தர நிறுவனம் கிடைக்காமல் போட்டி நின்றது. 2016இல்தான் மீண்டும் பிரிட்ஜ்வில்லுக்கு வந்தது.

கேட்கக் கேட்க நமக்கு வழுக்கு மரம் நினைவுக்கு வந்தது. எட்டு பவுண்டுக் காய் மணிக்கு நூற்றுக்கணக்கான மைல் வேகத்தில் பறக்கிற களத்தில், அந்தப் பெரிய வழக்கைக் கொண்டு வந்தது பீரங்கி அல்ல. வயலில் ஓடிய சாதாரண வண்டி. ஆபத்து வரும் என்று நாம் காவல் நிற்கிற வாசல் வழியாக அது வருவதில்லை.

மாலையில் வீடு திரும்பினோம். மறுநாள் ஞாயிறு, நவம்பர் 6. போட்டியின் கடைசி நாள். மாலைச் செய்தியில் அந்த வயலைக் காட்டினார்கள். காற்றுப் பீரங்கி ஒன்றைச் சுடும்போது அதன் பாகம் ஒன்று பிய்த்துக் கொண்டு மேலே பறந்து, கீழே நின்றிருந்த தொலைக்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் மேல் விழுந்து அவர் பலத்த காயம் அடைந்தார். அவர் குழாயின் முன்னால் நிற்கவில்லை. எல்லோரும் பத்திரம் என்று நினைக்கிற பக்கத்தில்தான் நின்றார். நாம் முதல் நாள் காயைத் தட்டிப் பார்த்துக் கொண்டு நின்றதும் அந்தப் பக்கத்தில்தான். மகள் வெகு நேரம் நமது கையை விடவில்லை.

அவர் உயிர் பிழைத்தார் என்பது ஆறுதல். ஆனால் வழக்கு வந்தது. 2017இலும் 2018இலும் போட்டி நடக்கவில்லை. 2019இல் நடந்தபோது அது இல்லினாய் மாநிலத்து ராண்டூல் என்ற ஊரில், பழைய விமானப்படைத் தளத்துக்குப் போய்விட்டது. முப்பது ஆண்டு முன் நண்பர்கள் பந்தயம் கட்டிய மாவட்டம் அதை இழந்தது. கூட்டம் குறைந்ததாலோ பணம் குறைந்ததாலோ அல்ல. அடிபட்டால் யார் பொறுப்பு என்ற ஒரே கேள்விக்கு முன்கூட்டியே உறுதியான பதில் அமையாததால்.

இந்த அனுபவத்தை அப்போதே எழுத நினைத்தோம். ஆனால் அடுத்த இரண்டாம் நாள், நவம்பர் 8 அன்று, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மண்டியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பயணத்தைச் சுருக்கிக் கொண்டு ஓடி வந்தோம். அதன் பிறகு வந்த மாதங்களை வணிகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

மூன்று நிபந்தனைகள்

இடம் கொடுக்காமல் இருப்பது சுலபம். இரண்டு ஆண்டு அப்படித்தான் இருந்தோம். ஆனால் காணும் பொங்கலன்று தரிசு நிலம் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்க்க நமக்கே பொறுக்கவில்லை. 2018 முதல் மீண்டும் கொடுக்கிறோம். அன்று இளைஞர்களிடம் சொன்னதையே இன்று சங்கத்திடமும் சொல்கிறோம்.

ஒன்று: விழாவை நடத்துவது யார், பொறுப்பு யாருடையது என்பதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நமது சங்கம் பதிவு பெற்றது. தலைவர் மாறலாம், செயலாளர் மாறலாம், சங்கம் இருக்கும். தனி மனிதரின் கைப்பேசி அணைந்தால் பொறுப்பும் அணைந்துவிடக் கூடாது.

இரண்டு: விழாவுக்கு வருகிறவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்க வேண்டும். நிகழ்ச்சிகளுக்கான பொறுப்புக் காப்பீடும், குழு விபத்துக் காப்பீடும் பொதுத்துறை நிறுவனங்களிலும் தனியாரிடமும் உண்டு. நமது இளைஞர்கள் எடுத்த பாலிசிக்கு ஆன பிரீமியம், ஒலிபெருக்கிக்குக் கொடுத்த வாடகையை விடக் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாலிசி விழா நாளுக்கு மட்டும் இருந்தால் போதாது. முதல் பந்தல் கால் ஊன்றும் நாளிலிருந்து கடைசிக் கால் பிடுங்கும் நாள் வரை இருக்க வேண்டும். கடை நடத்துகிற நாம் தீ விபத்துப் பாலிசியில் எந்த வரியை விட்டோம் என்று பிறகு வருந்துகிறோமே, அதுபோல் ஆகக் கூடாது.

மூன்று: வாகனம், மின்சாரம், பந்தல் பிரிப்பு ஆகிய மூன்றுக்கும் பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும். மேடைக்கு ஆள் போடுவதில் நாம் குறை வைப்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு நிற்க வேண்டியவர்தான் முக்கியமானவர்.

இவை நண்பர்களை நம்பாததால் போடும் நிபந்தனைகள் அல்ல. கொடுக்கல் வாங்கலில் அண்ணன் தம்பிக்குள்ளும் துண்டுச் சீட்டு எழுதிக் கொள்கிற வர்க்கம் நாம். சீட்டு இருப்பதால்தான் உறவு கெடாமல் இருக்கிறது. விழாவுக்கும் அதே நியாயம்தான்.

கால் முறிந்த அந்தப் பையன் இன்று சொந்தமாக ஒரு மினி லாரி ஓட்டுகிறான். வாரம் இரண்டு முறை நமது மண்டிக்கு அரசாணிக்காய் லோடு கொண்டு வருகிறான். "வாங்க ஐயா, காய் எப்படி இருக்குன்னு தட்டிப் பாருங்க" என்பான். வண்டியிலிருந்து இறங்கும்போது வலது காலை முதலில் ஊன்றி, பிறகுதான் இடது காலை வைப்பான். அவன் அதை மறந்திருக்கலாம். நாம் ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம்.

தை மாதத்துக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. அடுத்த செயற்குழுவில் இந்த மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றித் தாருங்கள். தோட்டத்துக் கதவு திறந்திருக்கும். மதியச் சாப்பாடு வழக்கம்போல் நமது பொறுப்பு. அரசாணிக்காய்ப் பொரியலும் உண்டு.